இரட்டை அழுத்துக்குப் பதிலாக வாய்ப்பேச்சு வேண்டி

அனுப்புநர்:
சங்கு மாமா (துறைமுகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்),
இழுவைப்படகு விஞ்சுக்காரர், ஓய்வு,
தொழிலாளர் குடியிருப்பு, கடைசி வரிசை,
தண்ணீர்த் தொட்டிக்கு எதிர் வீடு.

பெறுநர்:
உயர்திரு துறைமுகப் பாதுகாப்பு அலுவலர் அவர்கள்,
துறைமுக நிர்வாக அலுவலகம், முதல் மாடி.

பொருள்: இழுவைப்படகு ஆட்களும் கப்பல் மேடை ஆட்களும் பேசிக்கொள்ள, ஒழுங்காக வேலை செய்யும் வாக்கி டாக்கி வழங்கக் கோருதல்; கயிறுக்காரரான என் மருமகன் மீது விசாரணை அறிக்கையில் எழுதப்பட்ட "சொந்தக் கவனக்குறைவு" என்னும் சொற்களை நீக்கி, அவனுக்கு மாற்றுவேலை கோருதல் தொடர்பாக.

பார்வை: இதே பொருள் குறித்து மழைக்கு முன் நான் நேரில் கொடுத்த மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். ஒன்பதாம் வகுப்பு வாத்தியார், எனக்குச் சொல்லிக்கொடுக்கத் தன்னிடம் சரக்கு இல்லை என்று கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார். ஆகவே இந்த மனுவில் எழுத்துப் பிழை இருந்தால் அது பேனாவின் கோளாறு. விஷயத்தில் பிழை இருக்காது.

1. முதலில் என்னைப் பற்றி. யார் சொல்கிறார் என்று பார்த்துத்தான் அலுவலகங்களில் காது திறக்கிறது என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. தலைமுடி கறுப்பாக இருந்த காலம் தொட்டு அது மொத்தமாக விடைபெற்றுப் போன காலம் வரை இந்தத் துறைமுகத்து இழுவைப்படகுகளில் விஞ்சு ஓட்டியவன் நான். விஞ்சு என்பது கயிற்றைச் சுற்றி இழுக்கும் இயந்திரம் என்று தங்களுக்குத் தெரியாமல் இருக்காது. அந்தக் காலத்தில் எங்கள் படகில் வாக்கி டாக்கி கிடையாது. என் தொண்டைதான் வாக்கி டாக்கி. நான் "நிறுத்து" என்று ஒரு குரல் விட்டால் எங்கள் படகு மட்டுமல்ல, அக்கரையில் மணல் அள்ளிக்கொண்டிருந்த இயந்திரமும் நிற்கும். ஒரு முறை மாடி மாடியாக உயர்ந்த கப்பல் ஒன்று மேடைச் சுவரில் மோத வந்தது. நான் போட்ட கூச்சலில் அதன் கேப்டன் நங்கூரத்தைப் போட்டுவிட்டு, கீழே இறங்கி வந்து, தன் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்தார். தொப்பியை ஆதாரமாக இணைத்திருப்பேன். எலி தின்றுவிட்டது. சங்கு மாமா என்ற பெயர் சும்மா வந்ததல்ல என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

2. ஆனால் ஐயா, கப்பல்கள் பெரிதாகிக்கொண்டே போகின்றன. மனிதத் தொண்டை பழைய அளவில்தான் இருக்கிறது. இப்போது கப்பலுக்கு அந்தப் பக்கம் இழுவைப்படகு நிற்கும். இந்தப் பக்கம், கரையோர மேடையில், கயிறுக்காரர் நிற்பார். நடுவில் இரும்புச் சுவர். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. கயிறுக்காரர் என்ன செய்வார் என்றால், மேடையில் நட்டிருக்கும் இரும்புக் குட்டையில், அதாவது குட்டைத் தூணில், கப்பலைக் கட்டி மாட்டியிருக்கும் கயிற்று வளையத்தைக் கழற்றிவிடுவார். கழற்றும்போது கயிறு தொங்கலாக இருக்க வேண்டும். அந்த நேரத்தில் படகு இழுத்தால் கயிறு இறுகும். இறுகிய கயிற்றுக்கும் இரும்புக்கும் நடுவில் கை இருந்தால் கை, கால் இருந்தால் கால். ஆகவே அவர் "நான் உள்ளே போகிறேன்" என்று சொல்ல வேண்டும். படகில் இருப்பவர் "இழுக்க மாட்டேன்" என்று சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் உயிர் என்பது இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில்தான் இருக்கிறது.

3. அந்த இரண்டு வாக்கியங்களைச் சுமக்க நிர்வாகம் கொடுத்திருக்கும் வாக்கி டாக்கிகளின் நிலையைச் சொல்கிறேன். பின்பக்கத்து மூடி உடைந்து, பேட்டரியை ரப்பர் பேண்டால் கட்டி வைத்திருக்கிறோம். சில செட்டுகளில் சேனல் மாற்றும் திருகு தேய்ந்து ஒரே இடத்தில் நின்றுவிட்டது. அந்தச் செட்டுகளுக்காக மற்ற செட்டுகளும் அதே சேனலுக்கு வந்துவிட்டன. இழுவைப்படகு, கயிறுக்காரர், கிரேன், எல்லோரும் ஒரே சேனலில் பேசுகிறார்கள். கல்யாண வீட்டுக் கூடம் தோற்றுப்போகும். சார்ஜ் போடும் அறையில், "கேட்டவர் தான் கேட்டதை வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும்" என்று பெரிய எழுத்தில் விதி ஒட்டியிருக்கிறது. அதற்கு நேர் கீழே இருக்கும் சார்ஜர் பெட்டியில் பாதிக்கு மேல் குழிகளில் விளக்கு எரிவதில்லை. விதி போட்டவர் கீழே குனிந்து பார்க்கவில்லை.

4. வாயால் பேசினால் பேட்டரி தீர்ந்துவிடுகிறது. அரை ஷிஃப்ட் தாண்டாது. அதனால் ஆட்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சொன்னது கேட்டது, சரி, செய்கிறேன் என்பதற்கெல்லாம் சேர்த்து, பேசாமல் பொத்தானை இரண்டு முறை அழுத்தி விடுவது. எதிர்ப் பக்கத்தில் "கிர்க், கிர்க்" என்று கேட்கும். இதற்கு ரெண்டு அழுத்து என்று பெயர். வருஷக்கணக்காக இந்தத் துறைமுகம் ரெண்டு அழுத்தில்தான் ஓடியது. மேலதிகாரிகளும் அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்கள். கிர்க் கிர்க் என்று யார் அழுத்தினாலும் ஒரே மாதிரிதான் கேட்கும். குரல் என்றால் ஆள் தெரியும். அழுத்தில் ஆள் இல்லை. இதை முன்பே யோசித்திருக்க வேண்டும் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள்.

5. என் தங்கையின் மகன், எனக்கு மருமகன், கயிறுக்காரன். அன்றைக்குக் காலியான பார்ஜ் ஒன்றை மேடையிலிருந்து இழுத்துக்கொண்டு போக வேண்டும். பார்ஜ் என்பது எஞ்சின் இல்லாத சரக்கு மிதவை. சுமை இருந்தால் தாழ்ந்திருக்கும். காலி என்பதால் வீட்டுச் சுவர் உயரத்துக்கு எழும்பி நின்றது. அதற்கு அப்பால் இழுவைப்படகு. முன் கயிறு கழற்றியாயிற்று. பின் கயிறு பாக்கி. மருமகன் செட்டை எடுத்து, "பின் கயிற எடுக்கப் போறேன். நான் சொல்ற வரைக்கும் இழுக்காதீங்க" என்று சொன்னான். சொல்லி முடித்துப் பொத்தானை விட்டான். கிர்க், கிர்க் என்று பதில் வந்தது. உள்ளே காலை வைத்தான்.

6. அந்தப் பதில் படகிலிருந்து வந்ததல்ல. பக்கத்து மேடையில் கிரேன் ஓடிக்கொண்டிருந்தது. அதே நொடியில் கிரேன் மேஸ்திரி தன் ஆளிடம் கொக்கியை இறக்கச் சொன்னார். இந்தச் செட்டில் பொத்தானை அழுத்திக்கொண்டு பேசுகிறவனுக்குக் காது அடைத்துவிடும், வேறு யார் பேசுவதும் கேட்காது. ஆகவே மேஸ்திரி பேசியது மருமகனுக்குக் கேட்கவில்லை. கிரேன்காரர் தன் மேஸ்திரிக்கு அழுத்திய ரெண்டு அழுத்து மட்டும் கேட்டது. படகில் என்ன நடந்தது என்றால், சுக்கான் பிடிப்பவரின் செட்டில் ரப்பர் பேண்ட் நழுவி, பேட்டரி விலகி, செட் செத்துக் கிடந்தது. அவருக்கு அது தெரியாது. முன் கயிறு கழன்றதைக் கண்ணால் பார்த்தார். நீரோட்டம் பார்ஜை மேடைப் பக்கம் தள்ளியது. செட் அமைதியாக இருந்தது. அமைதி என்றால் பின் கயிறும் கழன்றுவிட்டது, தடை சொல்ல ஆள் இல்லை என்று எடுத்துக்கொண்டார். இழுத்தார்.

7. இந்த இடத்தில் கயிறு இடி மாதிரி முழங்கியது, கடற்பறவைகள் எல்லாம் வேறு நாட்டுக்குப் பறந்துவிட்டன என்று எழுத எனக்கு வரும். நான் எப்படிக் கதை சொல்வேன் என்று குடியிருப்பில் கேட்டுப் பாருங்கள். ஆனால் இந்தப் பத்தியில் ஒரு சொல்லும் கூட்டவில்லை. சத்தமே வரவில்லை என்றுதான் பார்த்தவர்கள் சொன்னார்கள். கயிறு மெதுவாக, ஒரு மனிதன் செருப்பு வாரை இறுக்குவதைப் போல, இறுகியது. செட் அவன் கையில்தான் இருந்தது. பொத்தானை அழுத்திக்கொண்டுதான் கத்தினான். கிரேன் ஆட்களுக்குக் கேட்டது. போட்டது போட்டபடி ஓடி வந்தார்கள். யாருக்குக் கேட்க வேண்டுமோ அவருக்குக் கேட்கவில்லை. அவர்கள் வந்து சேரும் வரை படகு இழுத்துக்கொண்டே இருந்தது. இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

8. பிறகு விசாரணை நடந்தது. ஒற்றைக் கட்டையை ஊன்றிக்கொண்டு அவன் உள்ளே நின்றான். நான் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு சரியாகச் சாத்தாது என்பதால் கேட்டது.
"வாயால பதில் வந்துச்சா?"
"இல்ல சார். ரெண்டு அழுத்து வந்துச்சு."
"ரெண்டு அழுத்துன்னு விதியில எங்க இருக்கு?"
"விதியில இல்ல சார். வேலையில இருக்கு."
அதோடு விசாரணை முடிந்தது. அறிக்கையில், "வாய்மொழி உறுதி பெறாமல் ஆபத்துப் பகுதியில் நுழைந்தது தொழிலாளரின் சொந்தக் கவனக்குறைவு" என்று எழுதினார்கள். ரப்பர் பேண்டைப் பற்றி ஒரு வரி இல்லை. சொந்தக் கவனக்குறைவு என்றால் மாற்றுவேலை கிடையாதாம். ஐயா, அந்த ஒரு கால்தான் அவனுக்குச் சொந்தம். கவனக்குறைவில் பங்காளிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

9. அன்று அறையிலிருந்து வெளியே வந்தவன் அதற்குப் பிறகு பேசவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு, வாய்க்கும் தொண்டைக்கும் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார். வீட்டில் ஜன்னல் ஓரம் இரும்புக் கட்டிலில் கிடக்கிறான். என் தங்கை "சாப்பாடு போடவா?" என்று கேட்டால் கட்டில் கம்பியை விரலால் இரண்டு தட்டுத் தட்டுகிறான். "லைட்ட அணைக்கவா?" என்றாலும் இரண்டு தட்டு. ஒரு நாள் அவளுக்குத் தாங்கவில்லை. கரண்டியோடு வந்து நின்று, "நான் என்ன படகாடா? பெத்தவகிட்ட வாயத் தொறந்து சொல்லு" என்று கத்திவிட்டாள். அவன் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு இரண்டு தட்டு. அவள் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். குழாய்ச் சத்தத்தில் அழுதால் எங்களுக்குக் கேட்காது என்று நினைப்பு. இந்தக் குடியிருப்பில் அண்டை வீட்டு இருமலுக்கே மருந்து சொல்லலாம்.

10. ஒரு மாலை அந்தக் கிரேன்காரர் வந்தார். கையில் ஒரு பை பழம். உள்ளே வராமல் நிலைப்படியில் நின்றார். என் தங்கை நாற்காலி போட்டும் உட்காரவில்லை. என்னைப் பார்த்து, "நான் எங்க மேஸ்திரிக்குத்தான் அழுத்துனேன் மாமா. இவருக்கு இல்ல. சத்தியமா இவரு கேட்டதே எனக்குத் தெரியாது" என்றார். சொல்ல வேண்டியது கட்டிலில் இருப்பவனிடம், ஆனால் கண்ணை அங்கே கொண்டுபோக அவரால் முடியவில்லை. என் தங்கைதான், "உங்க மேல என்னப்பா தப்பு, நீங்க உங்க வேலையப் பாத்தீங்க" என்றாள். அப்போது கட்டிலிலிருந்து இரண்டு தட்டு கேட்டது. கிரேன்காரர் அப்படியே குந்தி உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். மன்னித்துவிட்டேன் என்று தட்டினானா, கேட்டேன் போய் வா என்று தட்டினானா என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அன்றிலிருந்து அவர் கிரேன் கூண்டில் ரெண்டு அழுத்து அழுத்துவதில்லை. எல்லாவற்றையும் வாயால் முழுசாகத் திருப்பிச் சொல்கிறார். கூட இருப்பவர்கள் "இன்னிக்கும் செய்தி வாசிக்கிறது நம்ம ஆளுதான்" என்று கேலி செய்கிறார்கள். மதியத்துக்குள் அவர் செட் செத்துவிடுகிறது. பிறகு கையை ஆட்டி வேலை செய்கிறார்.

11. மற்ற எல்லா இடத்திலும் இன்றைக்கும் ரெண்டு அழுத்துதான் ஓடுகிறது. மருமகன் கால் போன மேடையில், விபத்துக்கு மறுநாளே, வேறு கயிறுக்காரர் அதே குட்டைக்குப் பக்கத்தில் நின்று கிர்க் கிர்க் கேட்டுவிட்டு உள்ளே போனார். நான் என் கண்ணால் பார்த்தேன். அவருக்கும் வீட்டில் ஒரு அம்மா இருப்பார். சமையலறையில் ஒரு குழாய் இருக்கும்.

12. முதல் மனு கொடுத்தபோது தங்கள் அலுவலகத்தில் ஒருவர், "எல்லார் கையிலயும் செல்போன் இருக்கே பெரியவரே, அதுல பேசிக்க வேண்டியதுதானே" என்று யோசனை சொன்னார். நல்ல யோசனைதான். கையில் எண்ணெய்க் கையுறை, மேலே கடல் தண்ணீர், ஒரு கையில் கயிறு. இந்த நிலையில் போனை எடுத்து, திரையைத் துடைத்து, பெயரைத் தேடி அடித்தால், "நீங்கள் அழைத்த நபர் வேறொரு அழைப்பில் இருக்கிறார்" என்று ஒரு அம்மாள் மிக மரியாதையாகச் சொல்வார். அந்த மரியாதையை வைத்துக் கயிற்றை நிறுத்த முடியாது. அந்த அம்மாள் பேச்சைக் கேட்டுக் காத்திருக்கக் கயிறு என்ன அரசாங்க அலுவலகமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. எனக்கும் மரியாதை தெரியும்.

13. ஆகவே ஐயா அவர்கள் தயவுசெய்து, படகுக்கும் மேடைக்கும் கிரேனுக்கும் தனித்தனிச் சேனல் உள்ள, தண்ணீர் பட்டாலும் சாகாத, ஒரு ஷிஃப்ட் முழுக்க வாயால் பேசினாலும் தாங்கும் வாக்கி டாக்கிகளையும், மாற்றுப் பேட்டரிகளையும் வழங்க வேண்டும். செட் செத்தால் அதை வைத்திருப்பவருக்கே தெரியும்படி அதில் ஒரு ஒலியாவது வர வேண்டும். வாயால் திருப்பிச் சொல்லும் விதியைச் சுவரிலிருந்து இறக்கி, அதை நிறைவேற்றும் பேட்டரியோடு சேர்த்து ஆட்கள் கையில் கொடுக்க வேண்டும். அதுவரை, பதில் வாயால் வராமல் யாரும் கயிற்றுக்குள் காலை வைக்கக் கூடாது என்றும், அதனால் வேலை தாமதமானால் மேஸ்திரிகள் திட்டக் கூடாது என்றும் தங்கள் கையெழுத்தில் ஒரு உத்தரவு வேண்டும்.

14. மருமகன் விஷயத்தில், அறிக்கையில் இருக்கும் அந்த இரண்டு சொற்களை நீக்க வேண்டும். நீக்கிவிட்டு, கட்டுப்பாட்டு அறையில் மைக்குக்கு முன்னால் அவனுக்கு ஒரு நாற்காலி தர வேண்டும். பேசாதவனை மைக் முன்னால் வைப்பதா என்று தாங்கள் நினைக்கலாம். நினைப்பது நியாயம். ஆனால் அவனுக்கு வாய்த்தது தாய்மாமன் தொண்டை. பிறந்த அன்று அவன் அழுத அழுகையில் ஆஸ்பத்திரி வாசலில் நின்ற வண்டிகள் எல்லாம் ஒதுங்கி வழிவிட்டன, நானே சாட்சி. அவன் வாயை அடைத்தது கயிறு அல்ல, அந்த இரண்டு சொற்கள்தான் என்பது என் எண்ணம். எடுத்துப் பாருங்கள். எடுத்தும் பேசவில்லை என்றால் அதற்குப் பிறகு நான் இந்த மாடிப்படி ஏறவில்லை.

15. அவன் கையில் இருந்த செட்டை இத்துடன் இணைத்திருக்கிறேன். நிர்வாகச் சொத்தை வீட்டில் வைத்திருந்ததற்கு மன்னிக்கவும். திருப்பிக் கேட்டு யாரும் வரவில்லை. அதைக் கட்டியிருக்கும் ரப்பர் பேண்ட் மட்டும் என் தங்கையின் மருந்துப் பொட்டலத்திலிருந்து எடுத்தது. தாங்கள் அதை மேசையில் வைத்து, பக்கத்து அறையில் இருக்கும் பியூனிடம் நிர்வாகத்தின் இன்னொரு செட்டைக் கொடுத்து, அவரை இதில் ஒரு முறை கூப்பிட்டுப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். கடலில் வேண்டாம். காற்றில் வேண்டாம். கதவைச் சாத்திக்கொண்டு, மின்விசிறிக்குக் கீழேயே கூப்பிட்டுப் பாருங்கள்.

16. கடைசியாக ஒன்று. முதல் மனுவைக் கொடுத்தபோது பெறும் பிரிவு எழுத்தர் அதைப் படிக்கவில்லை. மனுவில் ஒன்று, என் நகலில் ஒன்று என்று முத்திரையை டொக், டொக் என்று குத்தி, நகலை ஜன்னல் வழியாகத் தள்ளினார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனேன். வழியில் பார்த்தவரிடமெல்லாம், அதிகாரி எழுந்து வந்து கைகுலுக்கினார் என்று சொன்னேன். வீட்டில் என் தங்கையிடம், "கவலைய விடு, ஏத்துக்கிட்டாங்க" என்றேன்.
"யாரு சொன்னா?" என்றாள்.
"முத்திரை குத்துனாங்கல்ல."
"அண்ணே, வாயால யாரு சொன்னா?"
ஐயா, அதைக் கேட்டதும் கட்டிலில் கிடந்தவன் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். கம்பியைத் தட்டவில்லை. மழை வந்தது, விட்டது. தங்களிடமிருந்து ஒரு குரலும் வரவில்லை.

17. ஆகவே இந்த முறை முத்திரை வேண்டாம் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். இந்த மனுவைக் கொடுத்துவிட்டு, விசாரணை அன்று உட்கார்ந்திருந்த அதே வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். தாங்கள் கூப்பிட வேண்டும். கூப்பிட்டு, கேட்டேன் என்று வாயால் சொல்ல வேண்டும். அதோடு நிறுத்திவிடாமல், என்ன கேட்டீர்கள் என்பதையும் திருப்பிச் சொல்ல வேண்டும். விதி அப்படித்தான் இருக்கிறது.

இணைப்பு: வாக்கி டாக்கி ஒன்று, பேட்டரியுடன், ரப்பர் பேண்டுடன்.

இடம்: நிர்வாக அலுவலக வாசல் பெஞ்சு.
நாள்: மழை விட்ட மறுநாள், திங்கட்கிழமை.

இப்படிக்கு,
தங்கள் குரலுக்குக் காத்திருக்கும்,
சங்கு மாமா
(கையொப்பம்)